மைக்கை மாற்றும் முன் மௌனத்தைப் பதிவு செய்தோம்: வீட்டு இசைப்பதிவு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் கிட்டார் வாசித்துக்கொண்டே பாடும் ஒரு பாடகி. பாட்டும் வாசிப்பும் ஒன்றாக நிகழும்போதுதான் தன் மூச்சும் தாளமும் இணங்குகின்றன என்பதால், இரண்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்து பின்னர் சேர்ப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. 3.6 மீட்டர் நீளமும் 3.1 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறையை வீட்டில் பதிவுக்கென ஒதுக்கியிருந்தார். சுவர்களில் எதுவும் இல்லை. ஒரு பக்கம் கண்ணாடிச் சன்னல், கீழே வழவழப்பான தரை. ஒரு மடிக்கணினி, ஒரே ஒரு மைக் உள்ளீடும் ஒரு கருவி உள்ளீடும் கொண்ட பழைய ஆடியோ இன்டர்ஃபேஸ் (ஒலியைக் கணினிக்குள்ளும் வெளியேயும் அனுப்பும் பெட்டி), பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அதிரும் சவ்வு) உள்ள, முன்புறத்தையே அதிகம் கேட்கும் ‘கார்டியாய்டு’ வடிவக் கண்டென்சர் மைக் (மின்சாரம் பெற்று இயங்கும், உணர்திறன் மிகுந்த வகை), காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோன் ஆகியவை அவரிடம் இருந்தன. குரல் மைக் வழியாகவும், கிட்டார் அதன் உள்ளே பொருத்தப்பட்ட பீசோ பிக்கப் (கிட்டாரின் அதிர்வை நேரடியாக மின்சைகையாக்கும் உணரி) வழியாகவும் பதிவாயின.

அவர் சொன்ன குறைகள் நான்கு. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. பாடாத இடங்களில் இரைச்சல் கேட்டது. கிட்டாரின் தாழ்ந்த சுரங்களில் ஒன்று மட்டும் உப்பிக்கொண்டு எழுந்தது. ஹெட்ஃபோனில் தன் குரல் சற்றுப் பிந்தி வந்து அவரைத் தடுமாறச் செய்தது.

என்னிடம் வருவதற்கு முன்பே அவருக்கு மூன்று பேர் மூன்று அறிவுரைகள் கூறியிருந்தனர். கண்டென்சர் மைக் அறையில் இருப்பதையெல்லாம் அள்ளிக்கொள்ளும், ஆகவே மின்சாரம் இல்லாமலே இயங்கும், உணர்திறன் குறைந்த டைனமிக் மைக்குக்கு மாற வேண்டும் என்பது முதலாவது. அதன்படி ஒரு நண்பரிடமிருந்து வானொலி நிலையங்களில் பயன்படும் வகையைச் சேர்ந்த டைனமிக் மைக் ஒன்றை வாங்கிவந்து பாடிப் பார்த்தார். குரலோடு ‘உஸ்’ என்ற சீறலும் பதிவானது. அதற்கு மருந்தாக, மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையில் பொருத்தும் பூஸ்டர் ஒன்றை வாங்கச் சொன்னார் இரண்டாமவர். பூஸ்டர் வாங்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து உயர்தர இன்டர்ஃபேஸே வாங்கிவிடலாம் என்றார் மூன்றாமவர். இவற்றில் எதுவும் பொய்யான அறிவுரை அல்ல. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் முதல் அறிவுரை உண்டாக்கிய சிக்கலுக்கே தீர்வு கூறின. அவரது அறையை யாரும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

இரண்டு வாரங்களுக்கு எதையும் வாங்க வேண்டாம் என்று மட்டும் முதல் நாள் அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

மௌனத்தின் அளவு

முதல் வேலையாக, அவர் மெல்லிய குரலில் வழக்கமாகப் பாடும் 30 சென்டிமீட்டர் தொலைவில் கண்டென்சர் மைக்கை வைத்து, குரலின் சராசரி அளவு −18 டெசிபலில் நிற்குமாறு கெய்னை, அதாவது இன்டர்ஃபேஸ் மைக்கின் சைகையைப் பெருக்கும் அளவை, அமைத்தோம். இங்கே 0 என்பது டிஜிட்டல் பதிவு தாங்கக்கூடிய உச்சம். எல்லா அளவுகளும் அதற்குக் கீழே எண்ணப்படுகின்றன. கெய்ன் குமிழின் மேல் பேப்பர் டேப் ஒட்டிக் கோடு போட்டோம். பின்னர் அவரை வெளியே அனுப்பிவிட்டு, அறையின் மௌனத்தை ஒவ்வொரு முறையும் 30 வினாடி பதிவு செய்தேன்.

எல்லாம் வழக்கம்போல் இருந்தபோது மௌனத்தின் சராசரி −44. மின்விசிறியை நிறுத்தியதும் −53. மடிக்கணினியைக் கேபிள் எட்டும் தூரம்வரை வாசலுக்கு வெளியே தள்ளியதும் −57. அடுத்த அறையின் குளிர்சாதனப் பெட்டியைச் சிறிது நேரம் நிறுத்தியதும் −58. அதற்குக் கீழே இறங்கவில்லை. எஞ்சியது தெருவின் ஓசை. முதல் பதிவின் ஒலியளவை உயர்த்தி அவருக்குப் போட்டுக்காட்டியபோது, “அண்ணா, இவ்வளவும் என் அறையா?” என்று கேட்டார். காது நாள் முழுவதும் கேட்டுப் பழகிய ஓசையை மனம் ஒதுக்கிவிடுகிறது, மைக் ஒதுக்குவதில்லை.

அடுத்து, இன்டர்ஃபேஸ் தன் பங்குக்கு எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. மைக் கேபிளில் இருக்கும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் பிளக் ஒன்றின் 2ஆம், 3ஆம் முனைகளுக்கு இடையே 150 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்து, ஃபாண்டம் பவரை (கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸ் அனுப்பும் மின்சாரத்தை) அணைத்துவிட்டு, மைக்குக்குப் பதிலாக அந்தப் பிளக்கைச் செருகினேன். மின்சுற்றின் பார்வையில் அது ஒரு மைக். ஆனால் அதற்குக் காது இல்லை. குமிழ் அதே கோட்டில் இருக்க, கிடைத்த அளவு −77. அறை மிக அமைதியாக இருந்தபோது கிடைத்த −58ஐ விட இது 19 டெசிபல் கீழே. அதாவது கண்டென்சர் மைக்கைப் பயன்படுத்தும்வரை, அந்தப் பழைய இன்டர்ஃபேஸின் இரைச்சலை அறையின் இரைச்சல் முழுவதுமாக மூடிவிடுகிறது. இன்டர்ஃபேஸை மாற்றினால் பின்னணி அமைதியாகும் என்ற நம்பிக்கைக்கு அந்த அறையில் இடமே இல்லை.

இதே கணக்கு மைக்குக்கும் பொருந்தும். ரோட் என்டி1 மைக்கின் சொந்த இரைச்சல் 4 டெசிபல் என்றும், ஆடியோ-டெக்னிகா ஏடி2020 மைக்குக்கு அது 20 டெசிபல் என்றும் அவற்றின் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகின்றனர். விவரப் பட்டியலில் இது பெரிய வேறுபாடு. ஆனால் இரவில் அமைதியான ஒரு வீட்டு அறையின் ஓசை 30 டெசிபல் என்று கொண்டால், 20 டெசிபல் மைக்கில் மொத்தம் 30.4 ஆகும், 4 டெசிபல் மைக்கில் 30.0 ஆகும். அந்த அரை டெசிபலுக்கும் குறைவான வேறுபாட்டை எவராலும் கேட்டறிய முடியாது. இரைச்சல் குறைந்த மைக்குக்குச் செலவிடுவது, அமைதியான அறை வாய்த்தவருக்கே பயன் தரும்.

டைனமிக் மைக்கில் சீறல் எங்கிருந்து வந்தது

இரவல் வாங்கிய டைனமிக் மைக்கை அதே 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்த்தோம். கெய்ன் குமிழை இறுதிவரை திருப்பியும் குரலின் சராசரி −36ஐத் தாண்டவில்லை. குமிழ் அந்த நிலையில் இருக்கும்போது மின்தடைப் பிளக்கின் அளவு −70. குரலை −18க்குக் கொண்டுவர மென்பொருளில் 18 டெசிபல் உயர்த்தினால் சீறலும் கூடவே உயர்ந்து −52க்கு வருகிறது. இப்போது இன்டர்ஃபேஸின் இரைச்சல் அறையின் இரைச்சலை விட 6 டெசிபல் மேலே நிற்கிறது. அவர் கேட்ட ‘உஸ்’ இதுதான்.

காரணம் உணர்திறன். ஒரே ஒலியழுத்தத்துக்கு, அந்தக் கண்டென்சர் தரும் மின்னழுத்தத்தை விட இந்த டைனமிக் தருவது ஏறத்தாழ 25 டெசிபல் குறைவு. இந்த வகை மைக்குகளில் பரவலாக அறியப்பட்ட ஷூர் எஸ்எம்7பி, ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட் மட்டுமே தருகிறது. அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெய்ன் வேண்டும் என்று தயாரிப்பாளரே கூறுகிறார். பாடகியின் இன்டர்ஃபேஸ் தரக்கூடியது 56 டெசிபல். அதன் உள்ளீட்டு இரைச்சலை எங்கள் அளவுகளிலிருந்து கணக்கிட்டபோது ஏறக்குறைய −117 டிபியு என்று வந்தது (டிபியு என்பது மின்னழுத்தத்தை டெசிபலில் கூறும் அலகு; எண் கீழே போகப்போக இரைச்சல் குறைவு). 150 ஓம் மின்தடை ஒன்று, அறை வெப்பநிலையில், கேட்கும் எல்லைக்குள் இயற்கையாகவே உண்டாக்கும் இரைச்சல் −131 டிபியு. எந்தச் சுற்றும் அதற்குக் கீழே போக முடியாது. இன்று கிடைக்கும் நல்ல இன்டர்ஃபேஸ்கள் −127, −128 வரை எட்டுகின்றன. ஆகவே மூன்றாமவரின் அறிவுரை டைனமிக் மைக்கைப் பொறுத்தவரை சரியானதே. அந்த மைக் தேவையா என்பதே முந்திய கேள்வி.

அதைத் தீர்க்க ஒரு சோதனை செய்தோம். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றியதும் அதுவே. இரண்டு மைக்குகளின் முகங்களையும் அருகருகே ஒட்டினாற்போல வைத்து, அதே 30 சென்டிமீட்டரிலிருந்து அவரைப் பாடவைத்து, பதிவான குரல்களின் அளவைச் சமப்படுத்தினேன். பின்னர் எது எது என்று சொல்லாமல் ஆறு துண்டுகளைப் போட்டுக்காட்டி, எதில் அறையின் எதிரொலி கூடுதல் என்று கேட்டேன். சீறலை வைத்து டைனமிக் மைக்கை அவர் கண்டுகொண்டார். ஆனால் எதிரொலியில் இரண்டுக்கும் வேறுபாடு சொல்ல அவரால் முடியவில்லை. இரண்டும் கார்டியாய்டு வடிவம் கொண்டவை, இரண்டும் ஒரே இடத்தில் நின்றவை. குரலுக்கும் அறைக்கும் உள்ள விகிதத்தைத் தீர்மானிப்பது தொலைவும் திசைவடிவமுமே; மைக்கின் உணர்திறன் குறைந்தால் குரலும் அறையும் சேர்ந்தே குறைகின்றன. டைனமிக் மைக் ‘அறையைக் கேட்காது’ என்ற நற்பெயர், அதை எல்லோரும் உதட்டருகே வைத்துப் பாடுவதால் வந்தது.

அப்படியானால் கண்டென்சரையே நெருக்கமாக வைக்கலாமே என்று 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தோம். தொலைவு பாதியானால் நேரடி ஒலி 6 டெசிபல் கூடும். அறையின் ஒலி கூடாது. கெய்னை 6 டெசிபல் குறைத்ததும் மௌனத்தின் அளவு −58இலிருந்து −64க்கு இறங்கியது. கிணற்றுத் தன்மையும் கண்கூடாகக் குறைந்தது. நெருங்கியதால் குரலின் அடிப்பகுதி சற்றுத் தடித்தது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டியும், வாயின் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் ஒரு பாப் ஃபில்டரும் போதுமானவையாக இருந்தன.

உப்பிய சுரம்

கிட்டாரில் உப்பி எழுந்தது திறந்த ஐந்தாம் கம்பி, 110 ஹெர்ட்ஸ். பிக்கப்பின் குறை என்று அவர் எண்ணியிருந்தார். பிக்கப் டிராக்கை அடைத்துவிட்டு, குரல் மைக்கில் கசிந்திருந்த கிட்டாரை மட்டும் கேட்டபோதும் அந்தச் சுரம் அப்படியே உப்பியது. ஆகவே அது அறையிலிருந்து வந்தது.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில அதிர்வெண்கள் நின்று அதிரும். 3.1 மீட்டர் அகலத்துக்கு அந்த வரிசையில் முதலாவது ஏறத்தாழ 55 ஹெர்ட்ஸ். அது கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியான 82 ஹெர்ட்ஸுக்கும் கீழே இருப்பதால் தொந்தரவு தரவில்லை. இரண்டாவது 110.6 ஹெர்ட்ஸ். ஐந்தாம் கம்பியின் மேல் கச்சிதமாக வந்து உட்கார்ந்தது அதுதான். இந்த இரண்டாவது அலைக்குச் சுவர்களின் ஓரத்திலும் அறையின் நட்டநடுவிலும் அழுத்தம் உச்சம். அகலத்தின் கால் பங்கில் ஏறக்குறைய இல்லை. சுவர்களை விட்டு விலகியிருப்பதே நல்லது என்று எண்ணி, நாற்காலியை அகலத்தின் சரிநடுவில்தான் அவர் போட்டிருந்தார். பக்கச் சுவரிலிருந்து 78 சென்டிமீட்டரில் மைக்கும் கிட்டாரும் வருமாறு நாற்காலியை நகர்த்தினோம். சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறியிட்டோம். ஐந்தாம் கம்பி மற்றக் கம்பிகளோடு சேர்ந்துகொண்டது.

இத்தகைய தாழ்ந்த ஒலிகளைச் சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்சு அட்டைகள் தீண்டுவதே இல்லை. 110 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3 மீட்டருக்கும் மேல். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு அதற்கு ஒரு பொருட்டல்ல. அவர் ஸ்பாஞ்சு வாங்குவதற்காக வைத்திருந்த தொகையை அப்படியே வைத்திருக்கச் சொன்னேன்.

எதிரொலிக்கு, வீட்டிலிருந்த கனமான போர்வைகளைத் துணி உலர்த்தும் கம்பித்தாங்கிகளில் தொங்கவிட்டோம். அவற்றை எங்கே வைப்பது என்பதில் பலரும் தவறுகிறார்கள். கார்டியாய்டு மைக் தன் பின்புறத்தை ஏறக்குறையக் கேட்பதில்லை. அதன் முகம் பாடுபவரையும் பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவரையுமே பார்க்கிறது. ஆகவே போர்வை பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் வர வேண்டும். சுவரிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இரண்டு போர்வைகளும் சன்னலுக்கு ஒன்றும் போட்டோம். மறுநாள் கேட்டபோது குரலில் ஒளி மங்கியிருந்தது. உயர்ந்த ஒலிகள் மட்டும் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்டிருந்தன. முதுகுக்குப் பின்னால் இருந்தவற்றில் ஒன்றை எடுத்துவிட்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு வாரங்களின் முடிவில் நான்கு குறைகளில் மூன்று, பணம் எதுவும் செலவாகாமலே பெருமளவு தீர்ந்திருந்தன. டைனமிக் மைக், பூஸ்டர் இரண்டும் பட்டியலிலிருந்து நீங்கின. மின்விசிறியை நிறுத்திவிட்டு 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டுப் பதிவு செய்வது என்று அவரே முடிவெடுத்தார்.

ஆனால் ஹெட்ஃபோனில் குரல் பிந்தி வருவது தீரவில்லை. இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டுக்கே இணைத்து, ஒரு ‘டக்’ ஒலியை அனுப்பித் திரும்பி வரும் நேரத்தை அளந்தோம். 38 மில்லிவினாடி. அவர் வைத்திருந்த பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துக் கையாளும் ஒலித்துண்டு, 512 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவெடுப்புகள்). வினாடிக்கு 48,000 சாம்பிள் என்ற வேகத்தில் ஒரு வழிக்கே அது 10.7 மில்லிவினாடி ஆகிறது. உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை, அதற்கு மேல் ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் ஆக்கும் மாற்றிகளும், கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரும் எடுத்துக்கொள்ளும் நேரம். பஃபரை 128க்குக் குறைத்தால் பதிவில் வெடிப்பொலிகள் விழுந்தன. ஏனெனில் அந்தப் பழைய கருவிக்கு அவரது இயங்குதளத்துக்கான டிரைவர் இப்போது வெளியிடப்படுவதில்லை. ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கிய, தாமதம் குறைந்த ஆசியோ முறையில் பேசும் சொந்த டிரைவருக்குப் பதிலாக ஒரு பொது டிரைவரைக் கொண்டு ஒப்பேற்றியிருந்தார். கணினிக்குள் போகாமலே குரலை நேரடியாக ஹெட்ஃபோனுக்குத் தரும் வசதியும் அதில் இல்லை.

ஆகவே இன்டர்ஃபேஸை மாற்றுவது என்று முடிவு செய்தோம். மூன்றாமவர் கூறிய முடிவுதான், காரணம் மட்டும் வேறு. காரணம் வேறானதால் தேர்வின் வரிசையும் மாறியது. முதலில் டிரைவரைப் பார்த்தோம்: தயாரிப்பாளர் தம் பழைய மாடல்களுக்கும் இன்னும் டிரைவர் வெளியிடுகிறாரா என்பதை விற்பனை விளம்பரத்தில் தேடாமல், பதிவிறக்கப் பக்கத்தில் உள்ள தேதிகளைக் கொண்டு கணித்தோம். இரண்டாவது, ஃபாண்டம் பவரோடு கூடிய இரண்டு மைக் உள்ளீடுகள். பீசோ பிக்கப்பின் மெலிந்த, பிளாஸ்டிக் போன்ற ஒலி அவருக்குப் பிடிக்கவில்லை, கிட்டாருக்கும் மைக் வேண்டும் என்றார். மூன்றாவது, நேரடிக் கேட்பு வசதி. கெய்ன் 60 டெசிபலுக்குக் குறையக் கூடாது, உள்ளீட்டு இரைச்சல் −127 டிபியு அளவில் இருக்க வேண்டும் என்பவற்றை அதற்குப் பின்னரே வைத்தோம்.

192 கிலோஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யும் திறன், இணைப்பின் வேகம் ஆகியவற்றை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு சேனல்களை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப வினாடிக்கு 2.3 மெகாபிட் போதும், யூஎஸ்பி 2.0 தருவது 480. துளையின் வடிவம் புதியது என்பதற்காக எந்தக் கருவியும் வேகமாகப் பதிவு செய்வதில்லை. 24 பிட்டை மட்டும் கட்டாயமாக்கினோம். அதில் கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருப்பதால், குரலை உச்சத்தை ஒட்டிப் பதிவு செய்யத் தேவையில்லை. சராசரி −18இல் வைத்து, எதிர்பாராமல் எழும் உரத்த சுரத்துக்கு இடம் விட முடிகிறது.

கிட்டாருக்குச் சிறிய டயஃப்ரம் கொண்ட பென்சில் வடிவக் கண்டென்சர் மைக் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்த பின்னரே வாங்கினோம்.

பின்னர் நிகழ்ந்தவை

புதிய இன்டர்ஃபேஸில் 128 சாம்பிள் பஃபரில், அதே கேபிள் சோதனையில், 9 மில்லிவினாடி வந்தது. ஒலி ஒரு மில்லிவினாடியில் 34 சென்டிமீட்டர் செல்கிறது. 9 மில்லிவினாடி என்பது மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் ஒலிபெருக்கியைக் கேட்பது போன்றது. கொஞ்சம் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) சேர்த்துக் கேட்டபடியே பாட வேண்டும் என்பது அவர் விருப்பம். நேரடிக் கேட்பை விட்டு, கணினி வழியாகவே கேட்டுப் பாடினார். தடுமாற்றம் நின்றது.

இங்கே நான் ஒரு தவறு செய்தேன். மடிக்கணினியை நிரந்தரமாக அடுத்த அறையில் வைக்க, 5 மீட்டர் யூஎஸ்பி கேபிளோடு இன்னொரு 3 மீட்டர் நீட்டிப்பைச் சேர்க்கச் சொன்னேன். யூஎஸ்பி 2.0 கேபிளின் எல்லையே 5 மீட்டர்தான். ஒரு முழு மாலைப் பதிவில் ஆங்காங்கே சிறு வெட்டுகள் விழுந்து, நல்ல டேக் ஒன்று வீணானது. இன்டர்ஃபேஸைக் கணினியோடு வெளியே வைத்துவிட்டு, மைக்குக்கு 10 மீட்டர் எக்ஸ்எல்ஆர் கேபிள் போட்டதும் சரியானது; வழியில் புகும் இரைச்சலை நீக்கும் சமநிலை இணைப்பு என்பதால் அந்த நீளம் அதற்கு ஒன்றுமே இல்லை. ஹெட்ஃபோனுக்கு ஒரு நீட்டிப்பு. நீளத்தை மைக் கேபிளில் கூட்ட வேண்டும், யூஎஸ்பியில் அல்ல என்று எனக்குத் தெரிந்திருந்தும், அப்போது கையில் இருந்த கேபிளைக் கொண்டு முடிவெடுத்துவிட்டேன்.

இரண்டு மைக்குகள் வந்ததும் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. கிட்டார் மைக் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேரே, 25 சென்டிமீட்டரில் இருந்தது. வாயிலிருந்து குரல் மைக் 15 சென்டிமீட்டர், கிட்டார் மைக் 55 சென்டிமீட்டர். ஒரு மைக்குக்கும் ஒலிமூலத்துக்கும் உள்ள தொலைவைப் போல் மூன்று மடங்கேனும் அடுத்த மைக் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி நிறைவேறியிருந்தது. ஆனாலும் இரண்டு டிராக்குகளையும் சேர்த்ததும் குரல் மூக்கடைத்ததுபோல் ஆனது. அந்த விதி இரண்டு ஒலிமூலங்களும் ஒத்த வலிமை கொண்டவை என்று எண்ணிக்கொள்கிறது. இவரோ விரல்நுனியால் மெல்ல வாசிப்பவர். கிட்டார் மைக்கின் கெய்ன் உயர, அதில் கசிந்த குரலும் உயர்ந்தது. 40 சென்டிமீட்டர் தொலைவு வேறுபாட்டால் இரண்டு குரல்களும் முதன்முதலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது ஏறத்தாழ 430 ஹெர்ட்ஸில், அதாவது குரலின் உடல் இருக்கும் இடத்தில்.

தீர்வு கோணத்தில் இருந்தது. கார்டியாய்டு மைக் பக்கவாட்டில் 6 டெசிபலே குறைக்கும். 120 பாகையில் 12 டெசிபல் குறைக்கும். நேர் பின்னால் ஏறக்குறைய எதையும் கேட்காது. குரல் மைக்கை வாய்க்குச் சற்றுக் கீழே இறக்கி, அண்ணாந்து பார்ப்பதுபோல் சாய்த்தோம். கிட்டார் அதன் பக்கவாட்டிலிருந்து பின்பக்கமாக விலகியது. கிட்டார் மைக்கைக் குனிந்து பார்ப்பதுபோல் சாய்த்து, வாய் அதன் முதுகுப் பக்கம் வருமாறு செய்தோம். வாசிக்காமல் பாடவைத்துப் பார்த்தபோது, கிட்டார் மைக்கில் கசியும் குரல் 8 டெசிபல் குறைந்திருந்தது. சேர்த்துக் கேட்டபோது குரல் திறந்துகொண்டது.

ஆறு வாரங்களில் மூன்று பாடல்கள் முடிந்தன. தெருவின் ஓசை தீரவில்லை. போர்வை அறைக்குள் எழும் ஒலியை உறிஞ்சும். வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்காது. அதற்குக் கனமும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும், அது கட்டட வேலை. இரவு பத்து மணிக்கு மேல் பாடுவதே அவருக்கு வாய்த்த வழி. அந்த நேரத்தில் அவர் குரல் பகலில் இருப்பதை விடத் தாழ்ந்து ஒலிப்பது பதிவுகளில் தெரிகிறது.

மீண்டும் செய்வதானால்

முதல் நாள் அவருடைய பாடல்களைக் கேட்பதற்கு முன்பே மௌனப் பதிவையும் கேபிள் சோதனையையும் முடித்திருப்பேன். பாடல்களைக் கேட்டவுடன் எனக்கும் மைக்கின் மேல்தான் முதல் ஐயம் எழுந்தது; அளவுகள் வந்த பிறகே அது விலகியது. நாற்காலியை நகர்த்தியதும் போர்வை போட்டதும் ஒரே நாளில் நடந்துவிட்டன. ஆகவே குரலின் தெளிவில் எது எவ்வளவு பங்கு ஆற்றியது என்று என்னால் பிரித்துக் கூற முடியவில்லை. ஒரு நாளுக்கு ஒரு மாற்றம் என்று செய்திருக்க வேண்டும்.

டைனமிக் மைக்கைப் பற்றிய முடிவையும் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். நான்காவது பாடலின் உச்சப் பகுதியில் அவர் முழுக்குரலில் பாடுகிறார். அங்கே கண்டென்சரில் அறையின் கண்ணாடி ஒலித்தது. போர்வையால் அதை அடக்க முடியவில்லை. நண்பரின் டைனமிக் மைக்கைத் திரும்ப வாங்கிவந்து, உதட்டிலிருந்து 5 சென்டிமீட்டரில் வைத்தோம். அந்த உரத்த குரலுக்குப் புதிய இன்டர்ஃபேஸின் கெய்ன் குமிழ் முக்கால்வரைகூடப் போகவில்லை; பழையதைச் செருகிப் பார்த்தேன், அதிலும் சீறல் எழவில்லை. நான் முன்பு அளந்தது 30 சென்டிமீட்டரில் மெல்லப் பாடிய குரலுக்கான கணக்கு மட்டுமே. அவ்வளவு உரக்கப் பாடும்போது கிட்டார் மைக்கில் குரல் கசிவதைச் சாய்வால் தடுக்க முடியாது என்பதால், அந்த ஒரு பாடலுக்கு மட்டும் கிட்டாரை முதலில் தனியாக வாசித்து, பின்னர் அதன் மேல் பாட அவர் இசைந்தார்.